மடியில் ஒரு மடக்குக் கத்தி... பார்த்து வாங்குவது எப்படி?

கேள்வி: ‘‘என் கணவர் தோட்டத்துக்குக் கிளம்பும்போது மடியில் மடக்குக் கத்தி இல்லாமல் போகமாட்டார். திருவிழாக் கடையில் நூறு ரூபாய்க்கு வாங்கியது. போன மாதம் வாழைக்கு முட்டுக் கொடுத்த கயிற்றை அறுக்கும்போது, கத்தி திடீரென்று மடங்கி ஆள்காட்டி விரலில் வெட்டிவிட்டது. நான்கு தையல். ‘இனிமேல் கத்தியே வேண்டாம்’ என்கிறேன் நான். ‘கத்தி இல்லாமல் தோட்ட வேலை ஆகுமா?’ என்கிறார் அவர். பாதுகாப்பான மடக்குக் கத்தி என்று ஒன்று இருக்கிறதா? எப்படிப் பார்த்து வாங்குவது?’’
– வாசகி, தேனி மாவட்டம்.

பதில்: நீங்கள் பயப்படுவதும் நியாயம், அவர் சொல்வதும் நியாயம். உர மூட்டையின் தையலைப் பிரிக்க, சணலை அறுக்க, சொட்டுநீர்க் குழாயை நறுக்க, காய்ந்த இலையைக் கழிக்க என்று ஒரு நாளில் பத்துத் தடவையாவது கத்தி தேவைப்படும். இதெல்லாம் இல்லாவிட்டாலும் சமாளித்துக்கொள்ளலாம். ஆனால், மேய்ச்சலுக்குக் கட்டிய மாடு, முளையைச் சுற்றிச் சுற்றி வந்து கழுத்தில் கயிறு இறுகிக் கீழே விழுந்து கிடந்தால், அந்த முடிச்சைக் கையால் அவிழ்க்கவே முடியாது. வீட்டுக்கு ஓடிப்போய் அரிவாள் எடுத்துவரவும் நேரம் இருக்காது. அந்த நேரத்தில் மாட்டைக் காப்பாற்றுவது மடியில் இருக்கும் கத்திதான். ஆகவே, கத்தியை விட வேண்டாம். கத்தியை மாற்றினால் போதும்.

ஏன் மடங்கியது?

திருவிழாக் கடைகளில் விற்கும் பெரும்பாலான மடக்குக் கத்திகளுக்குப் பூட்டு கிடையாது. பிடிக்குள் இருக்கும் ஒரு ஸ்பிரிங் பட்டை, விரித்த அலகை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும்; அவ்வளவுதான். கூர் பக்கமாக அழுத்தி அறுக்கும்வரை தொந்தரவு இல்லை. அந்த அழுத்தம் அலகை இன்னும் விரிக்கத்தான் பார்க்கும். நுனியைக் குத்தித் திருகும்போதும், கயிற்றில் சிக்கிய கத்தியைப் பின்பக்கமாக இழுக்கும்போதும் அழுத்தம் கத்தியின் முதுகில் விழும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், அலகு அந்த நொடியே மடங்கி, பிடியைச் சுற்றியிருக்கும் விரல்களில் இறங்கும். உங்கள் வீட்டிலும் அநேகமாக இதுதான் நடந்திருக்கும்.

பெயர் பெற்ற கத்தி என்பதால் மட்டும் இந்த ஆபத்து நீங்கிவிடாது. சிவப்புப் பிடி போட்ட சுவிஸ் கத்திகளில், சட்டைப் பையில் வைக்கும் சிறிய வகைகளுக்கும் அலகுப் பூட்டு கிடையாது. அவை நல்ல கத்திகள்தான். பழம் நறுக்கவும் நூல் அறுக்கவும் வைத்துக்கொள்ளலாம். குத்துவது, நெம்புவது போன்ற வேலைகளுக்கு ஆகாது.

பூட்டில் மூன்று வகை

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பூட்டைத்தான். கடைகளில் மூன்று வகைகள் கிடைக்கின்றன.

முதுகுப் பூட்டு: பிடியின் முதுகில் ஒரு இரும்புப் பட்டை இருக்கும். கத்தியை விரித்ததும் ‘டக்’ என்று அலகின் பள்ளத்தில் விழுந்து பிடித்துக்கொள்ளும். முதுகில் கட்டைவிரலால் அழுத்தினால்தான் மடங்கும். உறுதியானது. ஆனால், அந்தப் பள்ளத்தில் சேறு புகுந்தால் பூட்டு முழுதாக விழாது. அதனால் அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும்.

உள்தகட்டுப் பூட்டு: கடைக்காரர்கள் ‘லைனர் லாக்’ என்பார்கள். பிடிக்குள் இருக்கும் தகடு, விரித்த அலகின் அடியில் பக்கவாட்டில் வந்து முட்டுக் கொடுக்கும். ஒரே கையால் மடக்கலாம். மலிவான கத்திகளில் இந்தத் தகடு காகிதம் போல மெலிதாக இருக்கும். அப்படிப்பட்டதை வாங்க வேண்டாம்.

வளையப் பூட்டு: பிடியின் கழுத்தில் இருக்கும் உலோக வளையத்தைத் திருகினால், அலகு அசையாது. பிரான்ஸ் நாட்டில் சவோய் மலைப்பகுதியில் ஜோசஃப் ஒப்பினெல் என்பவர், 1890-ம் ஆண்டில் அந்த ஊர் விவசாயிகளும் தொழிலாளிகளும் மடியில் வைத்துக்கொள்ள ஒரு மரப்பிடிக் கத்தி செய்தார். 1955-ல் அதில் இந்த வளையத்தைச் சேர்த்தார்கள். இன்றுவரை அதே அமைப்புதான். பழுதாக அதில் ஒன்றும் இல்லை என்பதுதான் அதன் பலம். ஆனால், வளையத்தைத் திருக மறந்தால் பூட்டே இல்லாத கத்திக்குச் சமம். மழைக்காலத்தில் மரப்பிடி ஊதி, அலகை விரிக்கச் சிரமமாவதும் உண்டு.

நீளம், கனம், நுனி

அலகு மூன்று அங்குலம், அதாவது 7 முதல் 9 சென்டிமீட்டர் இருந்தால் தோட்ட வேலைக்குப் போதும். முதுகின் கனம் 2 முதல் 3 மில்லிமீட்டர். இதைவிட மெலிதானால் வளையும். தடித்தால் கயிற்றில் இறங்காது. ஆடு மாடு வைத்திருப்பவர்கள் நுனி கூராக இல்லாமல், முதுகு வளைந்து இறங்கும் அலகாகப் பார்த்து வாங்கலாம். துள்ளுகிற மாட்டின் கழுத்துக் கயிற்றை அறுக்கும்போது குத்திவிடாது. அப்போதும், கத்தியின் முதுகு மாட்டின் தோலை ஒட்டியும், கூர் வெளிப்பக்கம் பார்த்தும் இருக்கும்படி கயிற்றுக்குள் நுழைத்து, வெளியே இழுத்து அறுக்க வேண்டும்.

பாதி அலகு பல் வைத்த கத்திகளும் வருகின்றன. நைலான் கயிற்றுக்கு அந்தப் பல் நன்றாக வேலை செய்யும். ஆனால், மழுங்கிவிட்டால் சாதாரண சாணைக்கல்லில் தீட்ட முடியாது. ஒரே கத்தி வைத்திருப்பவர்களுக்குப் பல் இல்லாததே நல்லது.

பிடி, கை நிறைய இருக்க வேண்டும். வழவழப்பான எவர்சில்வர் பிடி, ஈரக் கையில் வழுக்கும். சொரசொரப்பான நைலான் அல்லது மரப்பிடி நல்லது. பிடியின் வாலில் துளை இருந்தால், சிவப்புக் கயிறு கட்டிவிடுங்கள். புல்லில் விழுந்தால் கண்ணில் படும்.

கடையிலேயே செய்ய வேண்டிய சோதனை

1. கத்தியை விரித்து, அலகைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வைத்துவிடுங்கள்.

2. பூட்டு விழும் சத்தம் கேட்கிறதா, ஒவ்வொரு முறையும் முழுதாக விழுகிறதா என்று பத்துத் தடவை விரித்து மடக்கிப் பாருங்கள்.

3. பிடியின் இரண்டு பக்கங்களையும் மட்டும் பிடித்துக்கொண்டு, அலகு மடங்கி நுழையும் பள்ளத்தின் மேல் விரல் வராமல், கத்தியின் முதுகை மேசை மீது வைத்து மெதுவாக அழுத்துங்கள். பூட்டு நழுவினால் அந்தக் கத்தி இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

4. மடக்கிய நிலையில் உதறிப் பாருங்கள். தானாக விரிந்தால் மடியில் வைக்க லாயக்கில்லை.

5. ஆணி அடித்ததைவிட, திருகு போட்ட கத்தி மேல். தளர்ந்தால் வீட்டிலேயே முறுக்கிக்கொள்ளலாம்.

இத்தனையும் பார்த்து வாங்கினாலும், மடக்குக் கத்தி என்பது நடுவில் உடைத்து இணைத்த கத்திதான். நெம்புவதற்கும், தேங்காய் உடைப்பதற்கும், கட்டையால் தட்டிப் பிளப்பதற்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது. அப்படிப்பட்ட வேலை அதிகம் இருப்பவர்கள், உறை போட்ட சிறிய நேர்க்கத்தியை இடுப்பில் கட்டிக்கொள்வதே உத்தமம். மடங்க வழியில்லாத கத்தி, விரலில் மடங்காது.

கேள்வி: ‘‘எவர்சில்வர் கத்தி வாங்குவதா, இரும்புக் கத்தி வாங்குவதா? எங்கள் ஊர் கொல்லர், லாரி ஸ்பிரிங் பட்டையில் செய்து தருகிறேன் என்கிறார்.’’
– வாசகர், சிவகங்கை மாவட்டம்.

பதில்: திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர்போன மாவட்டத்தில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள். கார்பன் ஸ்டீல் எனப்படும் கருப்பு இரும்பு, சீக்கிரம் கூர் ஏறும். சாணைக்கல்லில் நாலு தேய்ப்பு போதும். ஆனால், எலுமிச்சைச் சாறோ வாழைக்கறையோ பட்டு அப்படியே விட்டால், மறுநாளே கறுத்துத் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகு பராமரிப்புக்கு எளிது. மழை, சேறு, வியர்வையைத் தாங்கும். ஆனால், மலிவான எவர்சில்வர் கத்தியில் கூர் ஒரு நாள்கூட நிற்காது. கடினத்தன்மையை ‘ராக்வெல்’ என்ற அளவில் சொல்வார்கள். அட்டைப்பெட்டியில் 55 முதல் 58 வரை போட்டிருந்தால், விவசாய வேலைக்குச் சரியான பதம். அதற்கு மேல் போனால் கூர் நிற்கும். ஆனால், வீட்டில் தீட்டுவது கஷ்டம். நுனி உடையவும் வாய்ப்பு அதிகம்.

லாரி ஸ்பிரிங் பட்டை நல்ல எஃகுதான். நேர்க்கத்தி, அரிவாள் என்றால் தாராளமாகச் செய்யச் சொல்லுங்கள். மடக்குக் கத்திக்குப் பூட்டு பொருந்துவது நுட்பமான வேலை. அவர் முன்பு செய்த கத்தியை வாங்கி, மேலே சொன்ன சோதனைகளைச் செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சாணை பிடிக்கும்போது ஒன்று கவனம். மெஷின் சக்கரத்தில் அழுத்திப் பிடித்து, அலகின் ஓரம் நீலம் பாய்ந்துவிட்டால், அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. வீட்டிலேயே ஈரச் சாணைக்கல்லில் தீட்டுவதுதான் நல்லது. கத்தியைக் கல்லின் மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். அதில் பாதி சாயுங்கள். மீண்டும் அதில் பாதி சாயுங்கள். அந்தச் சாய்வுதான் கணக்கு. இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில் தேயுங்கள். மழுங்கிய கத்தியைத்தான் பலங்கொண்டு அழுத்த வேண்டியிருக்கும், அழுத்தும்போதுதான் வழுக்கும்.

மடங்கும் இடத்தில் மாதம் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் அங்கே நாளடைவில் பிசுபிசுத்து, மண்ணைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அலகில் பூச மட்டும் தேங்காய் எண்ணெய் போதும்.

கேள்வி: ‘‘அதே கத்தியால் தக்காளிக்குப் பக்கக்கிளை கழிக்கலாமா? ஒட்டும் கட்டலாமா?’’
– வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பதில்: கழிக்கலாம். ஆனால், நோய் தெரிகிற செடியைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். புகையிலைத் தேமல் நச்சுயிரி, கையிலும் கத்தியிலும் ஒட்டிய சாறு மூலமாகவே செடிக்குச் செடி போய்விடும். எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளில் பட்டையை உரிய வைக்கும் எக்ஸோகார்ட்டிஸ் நோயும் ஒட்டுக்கத்தி வழியே பரவும். சாற்றைத் துடைத்துவிட்டு, கத்தியை வீட்டு பிளீச்சிங் திரவம் கலந்த நீரில் நனைத்து எடுக்க வேண்டும். அது இரும்பை அரிக்கும் என்பதால், வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசிவிடுங்கள். ஒட்டுக் கட்டுவதற்குத் தனிக்கத்தி வைத்துக்கொள்ளுங்கள். சணல் அறுத்த கத்தியில் வெட்டுவாய் நேராக வராது; ஒட்டும் சேராது.

கேள்வி: ‘‘கத்தி வைத்திருந்தால் போலீஸ் பிடிக்குமா?’’
– வாசகர், திருநெல்வேலி மாவட்டம்.

பதில்: ஆயுத விதிகளின்படி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள்தான் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்று செய்யப்பட்டவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. மூன்று அங்குல மடக்குக் கத்தி இந்த அளவுக்குள் வராது. ஆனாலும், எங்கே கொண்டுபோகிறோம் என்பது முக்கியம். நீதிமன்றம், கலெக்டர் அலுவலகம், திருவிழாக் கூட்டம் இங்கெல்லாம் போகும்போது வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். விமானத்தில் கைப்பையில் அனுமதி இல்லை. பட்டனை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் கத்தியை வாங்கவே வேண்டாம். தோட்டத்தில் அதற்கு வேலையும் இல்லை. போலீஸிடம் விளக்கம் சொல்லவும் முடியாது.

கத்தி பட்டுவிட்டால்...

* சுத்தமான துணியால் காயத்தை 10 நிமிடங்கள் விடாமல் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். இடையிடையே எடுத்துப் பார்க்க வேண்டாம். காபித்தூள், சாணம், மண்ணெண்ணெய் எதையும் வைக்காதீர்கள்.

* ரத்தம் நின்றதும் விரல் நுனியை மடக்கி நீட்டச் சொல்லுங்கள். மடங்கவில்லை, அல்லது நுனி மரத்துப்போயிருக்கிறது என்றால், உள்ளே நரம்போ தசைநாரோ அறுந்திருக்கலாம். காயம் சின்னதாகத் தெரிந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தள்ளிப்போட்டால் விரல் நிரந்தரமாக மடங்காமல் போகலாம்.

* விரல் துண்டாகிவிட்டால், துண்டை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். துண்டு நேரடியாக ஐஸில் படக்கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள்.

* கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருடங்கள் ஆகியிருந்தால், மண் பட்ட காயத்துக்கு மறுபடியும் போட வேண்டும். எப்போது போட்டோம் என்று நினைவில்லாவிட்டாலும், டாக்டரிடம் சொல்லிப் போட்டுக்கொள்ளுங்கள்.