சவர்க்காரக் கிராமத்தில் ஒரு வாக்கெடுப்பு

போன கோடை விடுமுறையில் அம்மாவோடு போர்ட் சன்லைட்டுக்குப் போயிருந்தேன். லிவர்பூலுக்கு எதிரே, மெர்சி ஆற்றின் மறுகரையில் இருக்கிற கிராமம். பெயர்ப்பலகையைக் கண்டதும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது எங்கட சவுக்காரமெல்லோ! கிணத்தடியில இதாலதானே உடுப்புத் தோய்ச்சனாங்கள்!"

அதே சன்லைட்தான். சவர்க்கார முதலாளி வில்லியம் லீவர் தன் தொழிலாளருக்காக 1888இல் தொடங்கிய ஊர் இது. ஒரே மாதிரி இல்லாத அழகான வீடுகள், பூங்கா, தேவாலயம், கலைக்கூடம் என்று எல்லாம் உண்டு. ஆனால் என்னை நிற்க வைத்தவை இரண்டு கட்டடங்கள்: ஒரு பள்ளிக்கூடம், ஒரு பப்.

பள்ளிக்கூடத்தின் பெயர் லைசியம். தொழிலாளரின் பிள்ளைகளுக்காக 1896இல் கட்டி முடித்தார்கள். அந்தக் காலத்தில் இது பெரிய விஷயம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் லீவரின் கணக்கு வேறு மாதிரி. இலாபத்தைக் காசாகக் கையில் கொடுத்தால் குடித்தும் தின்றும் தீர்த்துவிடுவீர்கள், என்னிடம் விட்டுவிடுங்கள், நல்ல வீடாகவும் வசதியாகவும் தருகிறேன் என்பது அவர் வாதம். வீடோ வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் வீடும் போகும்.

"உங்கட நன்மைக்குத்தானே செய்யிறம்." இந்த வசனத்தை நீங்களும் வீட்டில் கேட்டிருப்பீர்கள்.

இனி பப். வெள்ளைச் சுவரோடு நிற்கும் பிரிட்ஜ் இன் 1900இல் திறந்தபோது அங்கே மது கிடையாது. லீவர் மதுவை விரும்பாதவர். சில ஆண்டுகளில் ஊர்க்காரர் மது வேண்டுமென்று கேட்டார்கள். லீவர் மறுத்திருக்கலாம், ஊரே அவருடையது. அவர் வாக்கெடுப்பு வைத்தார். ஆண்களோடு பெண்களும் வாக்களித்தார்கள். நாடாளுமன்றத் தேர்தலில் பிரித்தானியப் பெண்கள் வாக்களிக்க 1918 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். பெருவாரியானோர் மது வேண்டும் என்றார்கள். தனக்குப் பிடிக்காத அந்த முடிவை லீவர் ஏற்றுக்கொண்டார்.

நான் குடிப்பதில்லை. என்றாலும் அந்தப் பள்ளிக்கூடத்தை விட இந்தப் பப்பைத்தான் எனக்குப் பிடிக்கிறது. பள்ளிக்கூடம் அந்த மக்களுக்குக் கொடுக்கப்பட்டது. பப்பில் என்ன நடக்க வேண்டும் என்பது அவர்களிடம் கேட்கப்பட்டது.

எல்லோரிடமும் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சவர்க்காரத்துக்குப் பனை எண்ணெய் வேண்டும். 1911இல் பெல்ஜிய அரசோடு ஒப்பந்தம் செய்து, கொங்கோவில் 750,000 ஹெக்டேர் வரையான நிலத்துக்கு லீவரின் நிறுவனம் உரிமை பெற்றது. அங்கேயும் ஓர் ஊருக்கு லீவர்வில் என்று அவர் பெயர் வைத்தார்கள். அங்கே பனம்பழம் வெட்டியவர்கள் பலர் கட்டாயத்தின் பேரில் உழைத்தவர்கள். அதை வரலாற்றாசிரியர் ஜூல் மார்ஷல் ஆவணங்களைத் தேடி எழுதியிருக்கிறார். அவர்களுக்கு வாக்குச்சீட்டு ஒருவரும் நீட்டவில்லை.

அதற்காக இந்தக் கட்டடங்களை வெறுக்கச் சொல்லவில்லை. அவற்றைக் காப்பாற்றுவது நல்லதுதான். ஆனால் அழகை மட்டும் படமெடுத்துக்கொண்டு திரும்பாதீர்கள். இதைக் கட்டும்போது யாரைக் கேட்டார்கள், யாரைக் கேட்கவில்லை என்றும் பாருங்கள்.

இரயிலில் திரும்பும்போது எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளியை நினைத்துக்கொண்டேன். கட்டடம், பாடநூல், ஆண்டுவிழா எல்லாவற்றையும் பெரியவர்கள் பாடுபட்டுத் தந்தார்கள். அந்த நன்றி எனக்கு நிறையவே உண்டு. ஆனால் பதினொரு வருடத்தில் ஒரு தடவையாவது மாணவர்களிடம் "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அடுத்த கூட்டத்துக்கு நீயும் வாவன்" என்றார்.

போகத்தான் போகிறேன். நீங்களும் உங்கள் பள்ளியில் கேட்டுப் பாருங்கள்.