அறுபது நாள் கெடு

போன வாரம் மாடி வீட்டு மாமி என் வீட்டு வாசற்படியில் கண் கலங்க வந்து நின்றார். டாலஸில் இருக்கும் மாப்பிள்ளைக்கு வேலை போய்விட்டதாம். பெண்ணுக்கு இது ஐந்தாவது மாதம். டிசம்பரில் பிரசவம்.

"வேலை போனால் இன்னொன்று கிடைக்கும். ஆனால் கம்பெனி கொடுத்த இன்ஷ்யூரன்ஸும் இந்த ஆகஸ்டு மாதத்தோடு போகிறதாமே! 'மார்க்கெட்டில் வாங்கிக்கொள்கிறோம், நீ கவலைப்படாதே' என்கிறாள். இன்ஷ்யூரன்ஸ் என்ன கத்தரிக்காயா, மார்க்கெட்டில் வாங்க?" என்றார்.

மாமி கேட்டதில் தவறே இல்லை. அமெரிக்காவில் அதற்குப் பெயரே 'மார்க்கெட் பிளேஸ்'தான். ஒபாமா ஜனாதிபதியாக இருந்தபோது 2010-இல் கையெழுத்தான சட்டத்தால் பிறந்தது. அதில் வாங்கிய இன்ஷ்யூரன்ஸ் 2014 ஜனவரி முதல் செல்லுபடியாயிற்று. உத்தியோகத்தின் மூலம் இன்ஷ்யூரன்ஸ் இல்லாதவர்கள், அரசாங்கம் விரித்த இந்தக் கடையில் தனியார் கம்பெனிகளின் திட்டங்களை ஒப்பிட்டுப் பார்த்து வாங்கலாம். டெக்ஸாஸ் போன்ற மாகாணங்களுக்கு 'ஹெல்த்கேர் டாட் கவ்' என்ற மத்திய அரசின் தளம். கலிபோர்னியா, நியூயார்க் போன்றவை தாங்களே சந்தை நடத்துகின்றன.

"வயிற்றுப் பிள்ளைக்காரியைச் சேர்த்துக்கொள்வார்களோ?" இது மாமியின் முதல் பயம். அந்தப் பயம் வேண்டாம். கர்ப்பத்தையோ பழைய வியாதியையோ காட்டி மறுக்கவும் கூடாது, கூடுதலாகப் பிரீமியம் கேட்கவும் கூடாது என்பது சட்டம். பிரசவ வைத்தியமும் எல்லாத் திட்டங்களிலும் அடங்கியே தீர வேண்டும்.

பயப்பட வேண்டியது காலண்டருக்குத்தான். இந்தச் சந்தை வருஷம் முழுவதும் திறந்திருப்பதில்லை. 2026-க்கான பதிவு மத்தியத் தளத்தில் 2025 நவம்பர் 1-ல் தொடங்கி 2026 ஜனவரி 15-ல் மூடிவிட்டது. இடையில் சேர விசேஷக் காரணம் வேண்டும்: இன்ஷ்யூரன்ஸ் போய்விட வேண்டும், அல்லது கல்யாணம், குழந்தைப் பிறப்பு போல ஏதாவது நடக்க வேண்டும். இன்ஷ்யூரன்ஸ் போன நாளிலிருந்து 60 நாள்தான் கெடு. போவதற்கு 60 நாள் முன்பாகவே விண்ணப்பிக்கவும் செய்யலாம். ஆகஸ்டுக்குள் திட்டத்தைத் தேர்ந்தெடுத்து முதல் பிரீமியத்தையும் கட்டிவிட்டால் செப்டம்பர் முதல் தேதியே பாதுகாப்பு. கெடுவைத் தவறவிட்டால், 'கர்ப்பமாக இருக்கிறேன்' என்பது மட்டும் டெக்ஸாஸில் கதவைத் திறக்காது. குழந்தை பிறந்த பிறகுதான் திறக்கும்!

அடுத்தது விலை. பிரான்ஸ், ஸில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று நாலு தரம். வெண்கலம் முதல் பிளாட்டினம் வரை, வைத்தியச் செலவில் சராசரியாக 60, 70, 80, 90 சதவீதத்தைத் திட்டம் ஏற்கும். மாமியின் பெண் வெண்கலத்தைப் பார்த்து வைத்திருக்கிறாள். மாதப் பிரீமியம் குறைவு என்பதுதான் காரணம். சிக்கனக்காரப் பெண்!

ஆனால் பிரீமியம் வாசல் கட்டணம் மட்டுமே. கம்பெனி பணம் தரத் தொடங்குமுன் நாம் கைப்பணம் செலவழிக்க வேண்டிய தொகை ஒன்று உண்டு. அதற்கு 'டிடக்டிபிள்' என்று பெயர். பேச்சுக்கு ஒரு கணக்குப் போடுவோம். வெண்கலத்தில் அது 7,000 டாலர், வெள்ளியில் 4,000. வெள்ளிக்கு மாதம் 150 டாலர் அதிகம். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நாலு மாதத்துக்கு அதிகச் செலவு 600. பிரசவத்தில் மிச்சம் 3,000! வருஷத்தில் ஒரு முறை ஜலதோஷம் பிடிப்பவருக்கு வெண்கலம் லாபமாக இருக்கலாம். பிரசவம் நிச்சயமாயிருக்கும் வீட்டுக்குக் கணக்கே வேறு. ஜனவரி முதல் தேதி இந்தத் தொகை மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பமாகும் என்பதையும் மறக்கக்கூடாது. அவளுடைய டாக்டரும் ஆஸ்பத்திரியும் திட்டத்தின் பட்டியலில் இருக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பழைய கம்பெனி இன்ஷ்யூரன்ஸையே 18 மாதம் வரை தொடர இன்னொரு வழி உண்டு. பெயர் 'கோப்ரா'. பெயருக்கு ஏற்றபடி கடிக்கும்; முதலாளியின் பங்கையும் சேர்த்து முழுப் பிரீமியமும் நாமே கட்ட வேண்டும். ஆனால் இந்த வருஷத்து டிடக்டிபிளை ஏற்கெனவே கட்டித் தீர்த்திருந்தால், இதையும் ஒரு தடவை கூட்டிக் கழித்துப் பார்ப்பது நல்லது.

மார்க்கெட் பிரீமியத்துக்கு அரசாங்க உதவியும் உண்டு; வருஷ வருமானத்தைப் பொறுத்தது. 2021-இல் வந்த தாராளமான சலுகைகள் 2025 முடிவோடு காலாவதியாயின. 2026 கணக்குப்படி மூன்று பேர் குடும்பத்துக்கு 1,06,600 டாலருக்கு மேல் வருமானம் போனால் உதவி கிடையாது. வருமானத்தைக் குறைத்து மதிப்பிட்டுக் கூடுதல் உதவி வாங்கினால், வரி கட்டும்போது மிகுதியை முழுவதும் திருப்பித் தர வேண்டும். ஆகவே மாப்பிள்ளைக்குப் புது வேலை கிடைத்த அன்றே சந்தைக்கும் தகவல் சொல்லிவிட வேண்டும். இவர்களிடம் கிரீன் கார்டு இருக்கிறது. எச்-1பி விசாக்காரர்களுக்கோ, 2025 ஜூலையில் வந்த சட்டத்தால், 2027 முதல் இந்த உதவி இல்லை.

எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். மாமி அன்றிரவே டாலஸுக்குப் படித்துக் காட்டினார். மறுநாள் காலை முகத்தில் சிரிப்பு.

"வெள்ளியையே எடுத்துக்கொள்கிறாளாம். நவம்பரில் நானும் பிரசவத்துக்குப் போகிறேன். அவள் திட்டத்திலேயே என் பெயரையும் சேர்த்துவிடலாமோ?"

"முடியாது, மாமி! விருந்தாளியாக விசா வாங்கிப் போகிறவர்களுக்கு அந்தச் சந்தையில் இடமில்லை. அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான். நீங்கள் விமானம் ஏறுமுன் தனியாகப் பிரயாண இன்ஷ்யூரன்ஸ் எடுத்தாக வேண்டும். உங்கள் ரத்த அழுத்தத்துக்கு அதில் என்ன சலுகை, என்ன விலக்கு என்று வரி விடாமல் படித்தும் ஆக வேண்டும்."

மாமி ஒரு கணம் யோசித்தார். பிறகு, "காகிதத்தைக் கொடு. அதையும் எழுதிக்கொள்கிறேன்" என்றார்.