வெறும் நாணை இழுத்து விடாதீங்க! மூங்கில் வில் பராமரிப்பும் அம்புத் தேர்வும்

விஜயதசமி அன்று பழனி கோதைமங்கலத்தில், வாழை மரத்தில் அம்பு போடும் வன்னிகாசுரன் வதம் நடக்கும். பாலசமுத்திரம் போன்ற மலையடிவார ஊர்களில், அதைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளை 'எனக்கும் ஒரு வில் வேணும்' என்று கேட்பது இயல்புதான். வாங்கிக் கொடுக்கலாம். ஆனால், அது பொம்மை இல்லை என்பது பெரியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1802-ல் வயநாட்டின் பனமரம் கோட்டையைத் தாக்கிய குறிச்சியர்களின் ஆயுதம் வில்தான். ராஜஸ்தான் பழங்குடி வீரர் லிம்பா ராம், மூங்கில் வில்லில் தொடங்கி ஒலிம்பிக் வரை போனார். 'இந்தியன் ரவுண்ட்' போட்டிகளில் இன்றும் மூங்கில் வில்தான்.

வில் ஏன் உடைகிறது?

பெரும்பாலும் நம் கவனக்குறைவால்தான். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விட்டால், அம்பு எடுத்துப் போக வேண்டிய விசை முழுக்க வில்லுக்கே திரும்பும். ஒரே தடவையில்கூட வில் பிளந்துவிடலாம். சிம்பு முகத்தில் தெறிக்கும் ஆபத்தும் உண்டு.

எப்படிப் பராமரிப்பது?

பயிற்சி முடிந்ததும் நாணைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் வில் நிரந்தரமாக வளைந்து விசை இழக்கும். மூலையில் சாய்த்து வைக்காமல், இரண்டு ஆணிகள் மேல் படுக்கையாக வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கவே கூடாது. அடிவாரத்தின் வறட்சியில் மூங்கில் காய்ந்து வெடிக்கும். கொடைக்கானல் பனியில் ஈரம் ஏறும். இரண்டுக்கும் ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசுவது உதவும். நாணுக்குத் தேன்மெழுகு தடவலாம். நாணில் ஒரு இழை அறுந்தாலும் மாற்றிவிடணும்.

எந்த அம்பு சரி?

முதலில் நீளம். நாணை முழுசாக இழுத்த பிறகும் அம்பின் முனை வில்லைத் தாண்டி ஓர் அங்குலமாவது வெளியே நிற்க வேண்டும். குறைந்தால் அம்பு பிடித்த கையிலேயே பாயும்.

அடுத்து எடை. 25 பவுண்டு இழுவிசை கொண்ட வில்லுக்கு சுமார் 16 கிராம் அம்பு பாதுகாப்பானது. ரொம்ப லேசான அம்பை விடுவது, வெறும் நாணை விடுவதற்குச் சமம்.

மூன்றாவது விறைப்பு. அம்பு வில்லின் பிடியைச் சுற்றி நெளிந்துதான் போகும். வலது கையால் இழுப்பவருக்கு, விறைப்பு கூடினால் இடப்பக்கமும் குறைந்தால் வலப்பக்கமும் அம்பு ஒதுங்கும். எய்வதற்கு முன் ஒவ்வொரு அம்பையும் விரலால் தடவி, லேசாக வளைத்துப் பாருங்கள். கீறல் இருந்தால் ஒட்டிப் பயன்படுத்தாமல் உடைத்துப் போட்டுவிடுங்கள்.

எங்கே பழகுவது?

இலக்குப் பலகைக்குப் பின்னால் மண்மேடு இருக்கும் இடத்தில், பெரியவர் மேற்பார்வையில் மட்டும். மலைப்பக்கம் வில்லோடு போகக் கூடாது. அங்கே கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் இருக்கிறது. 1972-ம் ஆண்டுச் சட்டப்படி வேட்டை குற்றம்.

பிள்ளைக்கு வில் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வில்லின் அழகைத்தான் பார்க்கிறார்கள். பேரம் பேசுவதற்கு முன், அதற்குப் பொருத்தமான அம்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த வில்லைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவதுதான் நல்லது.