பனியும் சுடும்

மலையகத்தில் தை, மாசி மாதங்களின் சில இரவுகளில் உறைபனி விழுவதுண்டு. நுவரெலியாவிலும் அதனை அண்டிய தோட்டங்களிலும் வாழ்வோர் இதனை நன்கு அறிவர். அத்தகைய இரவில் வானத்தில் முகில் இராது, காற்றும் அசையாது. பகலில் பெற்ற வெப்பத்தை நிலம் மெல்ல மெல்ல வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று பள்ளமான இடங்களில் போய்த் தங்கும். விடியும்போது புல்லும் தேயிலையும் வெண்மை போர்த்து அழகாய்த் தோன்றும். வெயில் ஏறிய பின்னரோ கொழுந்துகள் பழுப்பேறிக் கருகத் தொடங்கும். அவ்வழியே புதிதாய் வரும் ஒருவர், யாரோ இந்த மலைக்குத் தீ வைத்துவிட்டார்கள் என்றே எண்ணுவார். ஆனால் அங்கே தீ வரவேயில்லை. கருக்கியது பனி.

அன்பார்ந்த வாசகர்களே, தீ சுடும் என்பதைச் சிறு குழந்தையும் அறியும். பனியும் சுடும் என்பதைப் பெரியவர்களான பின்னரும் நம்மில் பலர் அறிவதில்லை. இந்த உண்மையை ஒன்பதே வரிகளில் உணர்த்திய ஓர் ஆங்கிலக் கவிதையைப் பற்றி இவ்வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

அமெரிக்கக் கவிஞர் ரொபேட் புரொஸ்ட் (1874 - 1963) எழுதிய 'தீயும் பனியும்' என்பதே அக்கவிதை. 1920ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 'ஹார்ப்பர்ஸ்' சஞ்சிகையில் அது முதலில் வெளிவந்தது. பின்னர் 1923இல் வெளியான 'நியூ ஹாம்ஷயர்' என்ற தொகுதியில் இடம்பெற்றது. அத்தொகுதி மறு ஆண்டு புலிட்சர் பரிசைப் பெற்றது. முதலாம் உலகப் போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் கழிந்திருந்த காலம் அது. உலகம் எவ்வாறு முடியும் என்ற கேள்வி அன்று வெறும் கற்பனையாக இருக்கவில்லை.

கவிதையின் பொருள் எளியது. உலகம் தீயால் அழியும் என்பார் சிலர். பனியால் அழியும் என்பார் வேறு சிலர். கவிஞர் இவ்விரண்டையும் மனித உள்ளத்துக்குள் கொண்டுவருகிறார். தீயை வேட்கைக்கும் பனியை வெறுப்புக்கும் அடையாளமாக்குகிறார். வேட்கையைத் தாம் சுவைத்தறிந்த அளவில், தீ என்போரின் கட்சியிலேயே சேர்ந்துகொள்கிறார். ஆயினும் அழிவு இன்னொரு முறை நேர வேண்டுமாயின், அதற்குப் பனியும் போதுமானதே என்று கூறி முடிக்கிறார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, வேட்கையைத் தாம் அனுபவித்ததாக ஒப்புக்கொள்ளும் கவிஞர், வெறுப்பைப் பற்றிக் கூறும்போது அதனைத் தாம் அறிந்திருப்பதாக மட்டுமே சொல்கிறார். மனித இயல்பும் இதுவே. 'ஆசைப்பட்டேன், தவறினேன்' என்று சொல்ல நமக்குத் துணிவு வரும். 'நான் வெறுக்கிறேன்' என்று சொல்ல நா எழாது. நம் வெறுப்பு எப்பொழுதும் அறிவின் வேடத்திலேயே வெளிவரும். 'அவரை எனக்குத் தெரியாதா?' என்று தொடங்கும் பேச்சுகளை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, 'போதும்' என்னும் அந்தக் கடைசிச் சொல். என்றுமே 'போதும்' என்று சொல்லாதவற்றின் வரிசையில் நெருப்பையும் சேர்த்துச் சொல்கிறது நீதிமொழிகள் நூல் (30:15-16). வேட்கையின் இயல்பு அதுவே. இன்னும் பணம், இன்னும் காணி, இன்னும் இன்பம், இன்னும் அதிகாரம் எனக் கிடைத்ததையெல்லாம் விறகாக்கி வளரும். ஆதலால் அதன் புகையை ஊரே காண்கிறது. அணைக்கவும் யாராவது ஓடி வருகின்றனர். பனிக்கோ விறகு வேண்டியதில்லை. அது எதனையும் தேடிச் செல்வதில்லை. அமைதியாக ஓரிடத்தில் கிடந்தே தன் வேலையை முடித்துவிடும்.

கவிதையின் இந்தப் பார்வைக்குக் கிறிஸ்தவ மரபில் ஆழமான வேர் உண்டு. பதினான்காம் நூற்றாண்டின் இத்தாலியக் கவிஞர் தாந்தே, தமது காவியத்தில் நரகத்தை ஒன்பது வட்டங்களாகக் காட்டினார். நரகம் என்றதும் நமக்கு நெருப்பே நினைவுக்கு வருகிறது. தாந்தேயின் நரகத்திலும் நெருப்பு உண்டு. ஆனால் அதன் அடித்தளமான ஒன்பதாம் வட்டம் உறைந்துபோன ஓர் ஏரி. லூசிபரின் சிறகுகள் எழுப்பும் காற்றே அதனை உறைய வைக்கிறது. தம்மை நம்பியோருக்குத் துரோகம் செய்தவர்கள் அங்கே பனிக்கட்டியில் புதைந்திருக்கின்றனர். சொந்த இரத்த உறவுக்குத் துரோகம் செய்தவர்களின் பகுதிக்குக் காயினின் பெயரே இடப்பட்டுள்ளது. இன்னொரு பகுதியில் கிடப்போரின் கண்ணீர் கண்களிலேயே உறைந்துவிடுவதால், அவர்களால் அழவும் முடிவதில்லை. இந்த ஒன்பது வட்டங்களையும் புரொஸ்டின் ஒன்பது வரிகளையும் இணைத்துப் பார்க்கும் திறனாய்வாளரும் உண்டு.

அதே காவியத்தில் உத்தரிக்கிற தலம் ஒரு மலையாகக் காட்டப்படுகிறது. உடலிச்சையால் தவறியவர்கள் அங்கே நெருப்பில் தூய்மை பெறுகின்றனர். அவர்களுடைய இடம் மலையின் மேல்தளம். அதற்கு அடுத்தது பூலோகப் பரதீசு. அன்பு வழிதவறியதே வேட்கை என்பதால், அதனை மீண்டும் வழிக்குக் கொண்டுவர இயலும் என்பது இதன் உட்பொருள். புனித அகுஸ்தீனாரின் வாழ்க்கை இதற்குச் சான்று. அவருள் எரிந்த தீ அணைந்துவிடவில்லை. அது கடவுளை நோக்கித் திரும்பியது. ஆனால் வெறுப்பில் திருப்புவதற்கு என்ன இருக்கிறது? அங்கே அன்பே உறைந்து கிடக்கிறது.

ஞானோபதேச வகுப்பில் தலையான பாவங்கள் ஏழினையும் மனனம் செய்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். அந்தப் பட்டியலில் வெறுப்பு இல்லை. ஏன்? புனித தோமா அக்குவினார் இதற்கு விளக்கம் தருகிறார். தலையான பாவம் என்பது பிற பாவங்களுக்குத் தொடக்கமாய் அமைவது. வெறுப்போ தொடக்கத்தில் வருவதன்று. நற்பண்புகள் ஒவ்வொன்றாய்ச் சிதைந்த பின், முடிவில் வருவது. அயலார் மீதான வெறுப்பு காய்மகாரத்திலிருந்து பிறக்கிறது என்றும் அவர் கூறுகிறார். பட்டியலில் இல்லாததால் அதனைச் சிறிய குற்றமென எண்ணிவிடலாகாது. மற்றவை வழி என்றால், வெறுப்பு அவ்வழி சென்று சேரும் இடம்.

இவ்விரு அழிவுகளையும் ஒரே வீட்டில் காண விரும்புவோர் சாமுவேல் இரண்டாம் நூலின் 13ஆம் அதிகாரத்தை வாசிக்க வேண்டும். தாவீதின் மூத்த மகன் அம்னோன், தன் சகோதரி தாமார்மீது வேட்கை கொண்டு நோயுறுகிறான். சூழ்ச்சி செய்து அவளைக் கெடுக்கிறான். அக்கணமே அவனுடைய வேட்கை, முன்னைய ஆசையிலும் பெரிய வெறுப்பாக மாறுகிறது. அவளை வெளியே தள்ளிக் கதவைத் தாழிடச் செய்கிறான். முதலில் எரிந்தது தீ. அந்தத் தாழ்ப்பாள் பனி.

தாமாரின் உடன்பிறந்தவனான அப்சலோம் என்ன செய்தான்? சத்தமிடவில்லை, சண்டைக்குப் போகவில்லை. அம்னோனிடம் நல்லதோ கெட்டதோ ஒரு வார்த்தையும் பேசவில்லை என்கிறது திருநூல். அரண்மனையில் எல்லாம் அடங்கிவிட்டதென்றே பிறர் எண்ணியிருப்பர். இரண்டு ஆண்டுகள் இவ்வாறு சென்றன. பின்னர் ஆடுகளுக்கு மயிர் கத்தரிக்கும் விழாவுக்கு அம்னோனை அழைத்து, விருந்தின் நடுவே அவனைக் கொல்வித்தான்.

தாவீதோ நடந்ததை அறிந்து கடுஞ்சினம் கொண்டார். ஆனால் நீதி செய்யவில்லை. அண்ணனைக் கொன்று ஓடிப்போன அப்சலோம் எருசலேமுக்குத் திரும்பி வந்த பின்னரும், இரண்டு ஆண்டுகள் அவன் தந்தையின் முகத்தைக் காண அனுமதி கிடைக்கவில்லை. தன்னை யாரும் கவனிக்காததால் அவன் யோவாபின் வாற்கோதுமை வயலுக்குத் தீ வைத்தான் (2 சாமுவேல் 14). வீட்டின் பனி, மறுபடியும் வயலின் தீயாயிற்று. அதன் முடிவு உள்நாட்டுப் போர். ஒரே நாளில் இருபதாயிரம் பேரின் சாவு. இறுதியில் மகனுக்காகத் தாவீது கதறிய கதறல். அழிவுக்குப் பனி போதும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

நாம் எங்கே நிற்கிறோம்? நம் மறையுரைகளில் குருக்களாகிய நாங்கள் தீயைப் பற்றி நிறையப் பேசுகிறோம்; குடிவெறி, காமம், பேராசை, கோபம் என்று எச்சரிக்கிறோம். அது தேவையே. ஆயினும் பனியைப் பற்றிப் போதிய அளவு பேசுவதில்லை என்பதே என் தாழ்மையான கருத்து. பங்குகளில் வீடு தரிசிக்கச் செல்லும்போது அடிக்கடி கேட்கும் ஒரு சொல் உண்டு: “எனக்கு அவர்களோடு கோபம் ஒன்றுமில்லை, சுவாமி. அவர்கள் பாடு அவர்களுக்கு, என் பாடு எனக்கு.” எல்லை வேலிக்காகவோ சீதனக் காணிக்காகவோ தொடங்கிய வழக்கு முடிந்து எத்தனையோ வருடங்கள் சென்றிருக்கும். நன்மை தின்மைக்குப் போவதில்லை. வழியில் கண்டால் முகம் திரும்பும். திருப்பலியில் சமாதானம் பகிரும் வேளையில், முன்னிருப்பவருக்கும் பின்னிருப்பவருக்கும் கும்பிடு போடும் நாம், ஒரு வாங்கை மட்டும் பார்க்காமல் தவிர்க்கிறோம். சண்டை இல்லை என்பதற்காக அதனைச் சமாதானம் என்று எண்ணுகிறோம். காற்றில்லாத அமைதியான இரவில்தான் உறைபனி விழுகிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

இங்கே ஒரு தெளிவு தேவை. காயப்பட்டவர் எல்லோருடைய மௌனமும் வெறுப்பன்று. தாமாரின் மௌனத்தைப் பாவமென்று எவரும் சொல்ல முடியாது. தமக்குத் தீங்கிழைத்தவரிடமிருந்து விலகி நின்று தம்மைக் காத்துக்கொள்வதும் வெறுப்பன்று. நீதி கேட்பதும் வெறுப்பன்று. எமது நாட்டில் 1983இன் தீயையும் போரின் தீயையும் கண்டோம். 2009இல் போர் முடிந்த பின்னரும், காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்தி வீதியோரம் அமர்ந்த தாய்மாரின் கண்ணீர் உறையவில்லை. அது அன்பின் கண்ணீர். உறைந்த உள்ளத்தால் அவ்வாறு அழ முடியாது. தாவீது உரிய வேளையில் நீதி செய்திருந்தால், அப்சலோமின் உள்ளம் உறையாமல் இருந்திருக்கலாம். நீதியை மறுப்பவர் பனிக்கு இடம் தேடிக் கொடுக்கிறார். ஆனால் நீதி வரும் வரையில் வெறுப்பில் வாழ்வேன் என்பவர், தம்மைக் காயப்படுத்தியவருக்குத் தம் மீதியையும் கொடுத்துவிடுகிறார்.

ஊதாரி மைந்தன் உவமையை இந்தக் கண்கொண்டு மீண்டும் பாருங்கள் (லூக்கா 15). இளையவனை அழித்தது தீ. அது அவனைப் பன்றித் தொழுவம் வரை கொண்டு சென்றது. அங்கே எரிந்து அடங்கியதும் அவன் வீடு திரும்பினான். மூத்தவன் வீட்டை விட்டுப் போகவேயில்லை. கட்டளை எதனையும் மீறவுமில்லை. அவனைப் பற்றி ஊரில் ஒரு குறையும் பேசியிரார்கள். ஆனால் வந்திருப்பவனைத் 'தம்பி' என்று அழைக்க அவன் நாவுக்கு வரவில்லை. உன் மகன் என்று தந்தையிடம் சுட்டிப் பேசுகிறான். வீட்டுக்குள் விருந்து நடக்க, அவன் வெளியே நிற்கிறான். இளையவனை எதிர்கொள்ள ஓடிய தந்தை, மூத்தவனுக்காகவும் வெளியே வருகிறார். மூத்தவன் உள்ளே சென்றானா? இயேசு சொல்லவில்லை. அதனை நாமே சொல்ல வேண்டுமென்று விட்டுவிட்டார் போலும்.

பனியை உடைக்கச் சம்மட்டி வேண்டியதில்லை. பழைய கணக்குகளை மறுபடி எடுத்து வாதாட வேண்டியதுமில்லை. வெயில் பட்டாலே அது உருகத் தொடங்கும். அந்த ஒருவரின் பெயரைச் சொல்லி இன்றிரவு ஒரு முறை செபியுங்கள். அடுத்த நன்மை தின்மைக்கு அவர் வீட்டு வாசல் வரையாவது செல்லுங்கள். 'சுகமா?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராமலும் போகலாம். கேட்டவரின் உள்ளத்தில் அது உருகத் தொடங்கிவிடும்.

நற்கருணை வாங்குமுன் ஒவ்வொரு திருப்பலியிலும் நாம் ஆண்டவரிடம் ஒன்றைச் சொல்கிறோம்: அவர் ஒரு வார்த்தை சொன்னால் நம் ஆன்மா குணமடையும் என்று. நாம் குணமடைய அவருடைய ஒரு வார்த்தை போதும் என்று நம்புகிற நாம், அடுத்த வீட்டாருக்கு நம்முடைய ஒரு வார்த்தையை மறுப்பது எப்படி? உலகை அழிக்கப் பனி போதும் என்றார் கவிஞர். அது உருகத் தொடங்குவதற்கு ஒரு வார்த்தை போதும்.