இருமலும் ரத்தக்கொதிப்பு மாத்திரையும்

அண்ணாகிராமம், பண்ருட்டிப் பகுதியில் இருமலுக்குக் காரணம் சொல்லப் பஞ்சமில்லை: மார்கழிப் பனி, முந்திரிக்கொட்டை வறுக்கும் புகை, சாலைப் புழுதி. ரத்தக்கொதிப்புக்காக நாள்தோறும் விழுங்கும் மாத்திரையையும் இவற்றோடு சேர்த்து எண்ண வேண்டும் என்கிறோம்.

எனலாபிரில், ராமிபிரில் எனப் ‘பிரில்’ என்று முடியும் மாத்திரைகள், 1956இல் லியோனார்ட் ஸ்கெக்ஸ் குழுவினர் கண்டறிந்த ஒரு நொதியைத் தடுப்பவை. வெட்டுவதே அந்நொதியின் தொழில். பத்து அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதத் துணுக்கிலிருந்து இரண்டைக் கத்தரித்து எட்டாக்குகிறது. அந்த எட்டும் ரத்தக் குழாய்களை இறுக்கி அழுத்தத்தை உயர்த்துகின்றன. ரத்தம் இழந்த வேளையில் உயிரைக் காப்பதும் இதுவே. மிகுந்துவிட்டால் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் சுமை. (பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சு இந்நொதியைத் தடுப்பதைக் கண்டதே இம்மருந்துகளுக்கு வழி திறந்தது. நஞ்சும் மருந்தாகும் என்பது நம்மவர்க்குப் புதிதன்று.)

இதே நொதி பிராடிகைனின் என்னும் வேறொரு துணுக்கையும் வெட்டி அழிக்கிறது. நொதியைத் தடுக்கும்போது அது தேங்குவதால், சிலருக்குத் தொண்டை அரிப்பும் சளியற்ற வறட்டு இருமலும் உண்டாகின்றன. மாத்திரை தொடங்கிப் பல மாதங்கள் கழித்தும் வரக்கூடும் என்பதால் பலர் இரண்டையும் தொடர்புபடுத்துவதில்லை. இருமல் மருந்துக்குக் காசு கரைகிறது. சிலர் மாத்திரையையே நிறுத்திவிடுகின்றனர்; அது பக்கவாதத்துக்கும் மாரடைப்புக்கும் கதவு திறப்பதாகும்.

மாத்திரையை எழுதும்போதே இதைச் சொல்லிவிடுவது எங்களைப் போன்றோரின் கடமை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் இன்று மாத்திரை வாசலுக்கே வருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் வாசலில் மாத்திரை வாங்கும் மூதாட்டி தம் இருமலை யாரிடம் சொல்வார்? கொண்டுவருபவரிடமே சொல்லட்டும், வீட்டார் மாத்திரை அட்டையோடு அவரை மருத்துவரிடம் அழைத்து வரட்டும். லோசார்டன், டெல்மிசார்டன் போன்றவை இந்நொதியைத் தடுக்காமலே அழுத்தத்தைக் குறைப்பவை. தக்கதை மருத்துவர் மாற்றித் தருவார். மாற்றிய பின் இருமல் அடங்கச் சில வாரங்கள் ஆகும், சிலருக்கு மூன்று மாதம்கூட.

அதற்காக எல்லா இருமலையும் மாத்திரையின் தலையில் கட்டிவிடவும் கூடாது. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குக் காசநோய்ப் பரிசோதனை அவசியம். கருவுற்றோரும் கருத்தரிக்க எண்ணுவோரும் இம்மாத்திரை உண்பதை உடனே தெரிவிக்க வேண்டும். உதடோ நாக்கோ முகமோ திடீரென வீங்கினால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல், பொழுது விடியட்டும் என்றும் காத்திராமல், 108ஐ அழையுங்கள்.