சென்சார் பிரச்சினைன்னு சொல்ற மகாராசன்களே...

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே ரொம்ப நாளாச்சு. ஆணி அதிகம். இன்னிக்கும் வந்திருக்க மாட்டேன். நேத்து ஒரு கல்யாணப் பந்தியில பக்கத்து இலைக்காரர் சொன்ன ஒரு வாக்கியம்தான் இழுத்துட்டு வந்துடுச்சு. "டேஷ்போர்டுல எரியுற லைட்டெல்லாம் கம்பெனிக்காரன் காசு புடுங்குற வித்தை சார். நான் எதையும் கண்டுக்கறதே இல்ல. எல்லாம் சென்சார் பிரச்சினை." சுத்தியிருந்த நாலு பேரும் ஆமா ஆமான்னு தலையாட்டுறாங்க. எனக்குப் பாயசம் இறங்கல.

ஏன்னா இதே டயலாக்குக்கு நான் 92 ஆயிரம் ரூபாய் கட்டியிருக்கேன் மக்களே.

2022 மே மாசம். சென்னையிலேர்ந்து திருச்சிக்கு ராத்திரிப் பயணம். முன்னாடி நானும் மச்சானும் (தங்கமணியோட அண்ணன்), பின்னாடி அம்மா, தங்கமணி, பொண்ணு. நாலு நாள் முன்னாடிதான் ஒரு பட்டறையில ஆயில் மாத்தியிருந்தேன். உளுந்தூர்பேட்டை தாண்டி பதினோரு மணி வாக்குல, ஒரு வளைவுல பிரேக் போட்டப்ப சிவப்பா ஒரு எண்ணெய்க் கிண்ணி லைட்டு கண் சிமிட்டுச்சு. நேரா வந்ததும் அணைஞ்சிடுச்சு. அடுத்த வளைவுல மறுபடி.

"மச்சான், ஓரங்கட்டட்டுமா?"

"மாப்ள, அதெல்லாம் சென்சாரு. என் வண்டில ரெண்டு வருஷமா எரியுது, ஒண்ணும் ஆகல. வேப்பூர்ல டீ குடிக்கும்போது பாத்துக்கலாம். இந்த இருட்டுல பொம்பளைங்கள வெச்சுக்கிட்டு எங்க நிறுத்துவ?"

கடைசி வரி நியாயமாத்தான் பட்டுது. அதனாலதான் ஓட்டினேன். 14 கிலோமீட்டர். லைட்டு நிரந்தரமா எரிய ஆரம்பிச்சுது, எஞ்சின் உள்ளேர்ந்து டக டகன்னு சுத்தியல் சத்தம், அப்புறம் ஒரே ஒரு உதறல். அவ்வளவுதான். பட்டறைக்காரர் ஆயில் வடிக்கிற போல்ட்டைச் சரியா முறுக்கல. சென்னையிலேர்ந்து வழியெல்லாம் சொட்டிக்கிட்டே வந்திருக்கு. சாதாரண மோட்டார் பாலிசி இயந்திரக் கோளாறுக்குக் காசு தராதுங்கறதையும் அந்த மாசம்தான் தெரிஞ்சுக்கிட்டேன். பட்டறைக்காரர்? "நாங்க டைட்டா தான் சார் போட்டோம்." வழக்கமான பாட்டு.

சரி, அந்தக் கிண்ணி என்ன சொல்லுது? ஆயில் அளவை இல்ல, ஆயில் அழுத்தத்தை. கிராங்க் ஷாப்டும் அதைத் தாங்குற பேரிங்கும் ஒண்ணையொண்ணு தொடாம, நடுவுல ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்து மேல மிதந்துக்கிட்டுச் சுத்துது. பம்பு அழுத்தம் கொடுக்கிற வரைக்கும்தான் அந்தப் படலம். ஆயில் குறைஞ்சா, வளைவுல மிச்ச ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கும், பம்பு காத்தை உறிஞ்சும், லைட்டு சிமிட்டும். அதாவது அந்த முதல் சிமிட்டல்தான் எனக்குக் கிடைச்ச கருணை. அங்கேயே அணைச்சிருந்தா ஒரு போல்ட்டு, மூணு நாலு லிட்டர் ஆயிலோட முடிஞ்சிருக்கும்.

இப்ப மச்சானோட "ரெண்டு வருஷமா எரியுது" மேட்டருக்கு வருவோம். திருச்சிக்குப் போனதும் முதல் வேலையா அவர் வண்டியைப் பார்த்தேன். எரிஞ்சுக்கிட்டிருந்தது மஞ்சள் எஞ்சின் லைட்டு! மஞ்சளுக்கு வாங்கின அனுபவத்தை எடுத்து என் சிவப்புக்கு வைத்தியம் சொல்லியிருக்கார் மனுஷன். பந்திக்காரரும் இதே கேஸாத்தான் இருக்கணும். நிறம் பார்க்கத் தெரியாம "லைட்டெல்லாம்"னு மொத்தமா மூட்டை கட்டுறது. சிக்னல்ல சிவப்பும் மஞ்சளும் ஒண்ணுன்னு சொல்வீங்களா சாமி?

அவங்க பக்கம் கொஞ்சம் உண்மை இருக்கு, இல்லைங்கல. ஸ்பானர் படம் வந்தா பல வண்டிகள்ல அது வெறும் சர்வீஸ் ஞாபகம். மஞ்சள் எஞ்சின் லைட்டு அசையாம எரிஞ்சா, வண்டி ஒழுங்கா ஓடினா, ஊர் போய்ச் சேர்ந்து காட்டலாம். நீல நிறத் தெர்மாமீட்டர் எஞ்சின் இன்னும் சூடாகலைன்னு மட்டும்தான் சொல்லுது. ஏ.பி.எஸ். மஞ்சள் மட்டும் எரிஞ்சா சாதாரண பிரேக் பிடிக்கும். இன்னும் வேடிக்கை, 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பி.எஸ். 6 டீசல் கார்கள்ல புகைக்கரி வடிகட்டிக்கு ஒரு மஞ்சள் லைட்டு இருக்கு. டவுனுக்குள்ளேயே ஊர்ந்துக்கிட்டிருந்தா கரி சேர்ந்து எரியும். பெரும்பாலும் ஹைவேயில சீரான வேகத்துல இருபது நிமிஷம் ஓட்டினா அது தானே எரிஞ்சு சுத்தமாகும். அங்க நிறுத்தறதுதான் தப்பு!

ஆனா அதே மஞ்சள் எஞ்சின் லைட்டு விட்டு விட்டு அடிச்சா கதை வேற. எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பொசுக்குது. மெதுவா ஓரங்கட்டணும். பேட்டரி படம் போட்ட சிவப்பு லைட்டு பேட்டரி செத்துதுன்னு அர்த்தம் இல்ல, சார்ஜ் ஏறலைன்னு அர்த்தம். ஏ.சி., பாட்டு எல்லாத்தையும் அணைச்சுட்டு கொஞ்ச தூரம் போகலாம்தான். ஆனா பெல்ட்டு அறுந்திருந்தா, பல வண்டிகள்ல அதே பெல்ட்டுதான் தண்ணி பம்பையும் சுத்தும், அப்ப அடுத்தது எஞ்சின் கொதிக்கும். சிவப்புத் தெர்மாமீட்டர் வந்தா நிறுத்தி ஆறவிடுங்க. தயவு செஞ்சு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க. உள்ளே தண்ணி அழுத்தத்துல இருக்கு, நூறு டிகிரிக்கு மேல இருந்தும் கொதிக்காம காத்திருக்கு. திறந்த நொடியில உங்க மூஞ்சியில கொதிக்கும்.

இந்தப் படங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 2575-னு ஒரு சர்வதேசத் தரமே இருக்கு. பெரும்பாலும் எந்தக் கார்ல ஏறினாலும் அதே கிண்ணிதான். கத்துக்க ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். நாம என்னடான்னா புது வண்டி வாங்கினா எலுமிச்சம்பழத்தை நசுக்குறோம், கையேட்டை பிளாஸ்டிக் கவரோட டேஷ்போர்டு பெட்டியில புதைக்கிறோம். (நானும்தான்.)

அடுத்து ஸ்கேனர் திலகங்கள். லைட்டு எரியுதுன்னு போனா கம்ப்யூட்டரைச் சொருகி கோடை அழிச்சுட்டு "சரியாயிடுச்சு சார்" ஆயிரம் ரூபாய்! ஜுரத்துக்குத் தெர்மாமீட்டரை உதறி வைக்கிறதுக்குப் பேரு வைத்தியமா? அழிக்கிறதுக்கு முன்னாடி அந்தக் கோடு நம்பரைக் கேட்டு எழுதி வாங்குங்க. பழைய வண்டி விக்கிறவங்கள்ல சிலர் இன்னும் கில்லாடி, பல்பையே கழட்டிடுவாங்க. சாவியை ஆன் பண்ணினதும் எல்லா லைட்டும் ஒரு தடவை எரியணும், எஞ்சின் ஓடினதும் அணையணும். எரியவே எரியாத லைட்டுதான் பயப்பட வேண்டிய லைட்டு.

திரும்ப அந்த இருட்டுக்கு வர்றேன். மச்சான் சொன்ன "எங்க நிறுத்துவ"ங்கற கேள்விக்கு அப்ப எனக்குப் பதில் தெரியலை. அதான் உண்மையான குத்தம். லைட்டு வந்தப்ப எஞ்சின் ஓடிக்கிட்டிருந்துச்சு, ஓரம் அகலமா இருக்கிற இடமாப் பார்த்து நானே நிறுத்தியிருக்கலாம். எஞ்சின் செத்த இடத்துல நிக்க வேண்டி வந்தப்ப, இடத்தைத் தேர்ந்தெடுக்கிற உரிமை எனக்கில்ல. பாதி வண்டி தார் ரோட்டுல. நூறு கிலோமீட்டர் வேகத்துல வர்ற வண்டி ஒரு நொடிக்கு 28 மீட்டர் தாண்டுது. பின்னாடி வந்த ஒரு லாரி ஹாரனைக் கதறவிட்டுக்கிட்டு விலகிப் போன காத்துல வண்டியே ஆடிச்சு. உள்ளே உட்காரக் கூடாது, தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போயிடணும்னு தெரியும். அம்மாவுக்கு முட்டி வலி, அதைத் தாண்ட முடியாது. தடுப்பு முடியற இடம் வரைக்கும் போன் வெளிச்சத்துல நானும் பொண்ணும் கைத்தாங்கலா கூட்டிட்டு நடந்தோம். அந்த நூறு அடிக்கு ஆன நேரத்தை நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

டிக்கியில ஒரு சிவப்பு முக்கோணம் இருந்துச்சு, உறை கூடப் பிரிக்காம. மச்சான் அதுக்குள்ள பாறாங்கல் பொறுக்கப் போயிட்டார்! நம்ம ஊர் வழக்கம், கல்லு வை, மரக்கிளையை வை. வண்டி சரியானதும் கல்லை அங்கேயே விட்டுட்டுப் போவாங்க, அடுத்து டூவீலர்ல வர்றவன் அதுல ஏறி விழுவான். கல்லைப் பிடுங்கிப் போட்டுட்டு முக்கோணத்தை நல்ல தூரம் பின்னாடி வெச்சேன். ஐம்பது மீட்டருக்குக் குறையக் கூடாது, ஹைவேன்னா நூறு. டபுள் இண்டிகேட்டர் போட்டேன்.

யாருக்குப் போன் பண்றது? முந்தியெல்லாம் டோல் ரசீதைத் திருப்பினா நம்பர் இருக்கும். 2021 பிப்ரவரியில ஃபாஸ்டேக் கட்டாயம் ஆனதும் ரசீதும் போச்சு. தேசிய நெடுஞ்சாலைக்கு 1033-னு ஒரு நம்பர் இருக்குன்னு என் பொண்ணுதான் சொன்னா, ஏதோ ஒரு போர்டுல படிச்சாளாம். அடிச்சேன். முதல் கேள்வி, "எந்த கிலோமீட்டர் சார்?" கூகுள் மேப் இடத்தை விட அவங்களுக்கு கிலோமீட்டர் கல்லு நம்பர்தான் முக்கியம். ஓடிப் போய்ப் பார்த்துச் சொன்னேன். நாற்பது நிமிஷத்துல ரோந்து வண்டி வந்துச்சு, பின்னாடியே கிரேன். ரோட்டை விட்டு அப்புறப்படுத்தி ஒரு பாதுகாப்பான இடத்துல விட்டாங்க. அவங்க வேலை அவ்வளவுதான், வீட்டு வாசல் வரைக்கும் எதிர்பார்க்காதீங்க. அதுக்குத்தான் இன்சூரன்ஸோட ரோட்சைடு அசிஸ்டன்ஸ்னு ஒரு சேர்க்கை இருக்கு, சில நூறு ரூபாய். நான் "இதெல்லாம் தண்டம்"னு டிக் எடுத்துவிட்ட புத்திசாலி. காலையில ஒரு ஃப்ளாட்பெட் லாரிக்குத் தனியா அழுதேன். கயிறு கட்டி இழுக்கலாம்னு மச்சான் சொன்னதை மட்டும் கேட்கலை. ஆட்டோமேடிக் வண்டியை அப்படி இழுத்தா எஞ்சினோட கியர்பாக்ஸும் போயிருக்கும்.

டிஸ்கி: மச்சான் இதைப் படிப்பார்னு தெரியும். போன பொங்கலுக்கு அவர் வண்டியில ஸ்கேனர் சொருகினேன், பி0420-னு வந்துச்சு. கன்வெர்ட்டர் ஒழுங்கா வேலை செய்யலைங்கற கோடு. சித்திரை பொறக்கட்டும், பார்க்கலாம்னு சொல்லியிருக்கார். எந்த வருஷத்துச் சித்திரைன்னு கேட்டிருக்கணும் :-)