களமும் வாழ்வும்

'பயிலுதல்' என்னும் சொல் நம் மொழியில் ஈரிடத்தும் வழங்குகிறது. மாணவன் பள்ளியில் பாடம் பயில்கிறான். வீரன் களத்தில் ஆட்டம் பயில்கிறான். 'மெய்' என்னும் சொல்லும் அவ்வாறே உடம்பையும் குறிக்கும், உண்மையையும் குறிக்கும். உடல் வளர்ச்சியும் உள்ள வளர்ச்சியும் ஒருங்கே நிகழவேண்டியவை என்பதை இச்சொற்கள் நமக்கு நினைவூட்டுகின்றன.

இக்காலத்தில் விளையாட்டு ஒரு பெருந்தொழிலாக வளர்ந்துள்ளது. பல நாடுகள் ஒலிம்பிக் பதக்கத்தை நாடி இளஞ்சிறாரைத் தேர்ந்தெடுத்து, விடுதிகளில் தங்கவைத்து, ஆண்டு முழுவதும் பயிற்றுகின்றன. அவர்கள் உண்ணும் உணவிற்கு அளவு உண்டு. உறங்கும் பொழுதிற்கு அளவு உண்டு. ஓடும் ஓட்டத்திற்கு நொடிக்கணக்கு உண்டு. ஆனால், அச்சிறுவனின் உள்ளம் எந்நிலையில் உள்ளது, களத்தைவிட்டு நீங்கியபின் அவன் வாழ்வு என்னாகும் என்று எண்ணிப்பார்ப்பார் சிலரே. வீரனை உருவாக்கும் பயிற்சிக்கூடம் மனிதனையும் உருவாக்குதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பதக்கம் ஒன்றையே குறிக்கொண்டால் நேரும் கேட்டிற்குக் கிழக்கு ஜெர்மனி சான்றாகும். 1970, 1980 ஆகிய ஆண்டுகளை ஒட்டிய காலத்தில் அச்சிறு நாடு பதக்கங்களை வாரிக் குவித்தது, உலகமும் வியந்தது. பின்னரே உண்மை வெளிப்பட்டது. இளம்பெண்கள் உள்ளிட்ட வீரர் பலர்க்கு ஊக்க மருந்துகள் கொடுக்கப்பட்டன. அவற்றைச் சத்து மாத்திரைகள் என்று சொல்லிக் கொடுத்ததும் உண்டு. அவர்களுள் பலர் தீராத நோய்க்கு ஆளாயினர். அந்நாட்டு விளையாட்டுத் துறையின் தலைவராய் இருந்தவர் 2000 ஆம் ஆண்டில் பெர்லின் நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். எனினும், இழந்த உடல்நலத்தை எந்தத் தீர்ப்பால் மீட்டுத்தர இயலும்?

இனி, வேறொரு காட்சியைக் காண்போம். ஆங்கில நாட்டு ரோஜர் பானிஸ்டர் மருத்துவ மாணவர். மருத்துவமனையில் கற்றுக்கொண்டே, கிடைத்த சிறு பொழுதில் ஓடிப் பழகினார். 1952 ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியில் அவருக்கு நான்காம் இடமே கிட்டியது. அவர் உள்ளம் தளரவில்லை. 1954 மே 6 ஆம் நாள் ஆக்ஸ்போர்டு நகரில் ஒரு மைல் தொலைவை 3 நிமிடம் 59.4 நொடியில் கடந்தார். நான்கு நிமிடத்திற்குள் அத்தொலைவை ஓடிய முதல் மனிதர் அவரே. அவ்வாண்டிலேயே போட்டிகளிலிருந்து விலகினார். பின்னர் நரம்பியல் மருத்துவராகப் பல்லாண்டு தொண்டாற்றினார். ஓட்டப் புகழைவிட மருத்துவப் பணியையே அவர் பெரிதாக மதித்தார்.

"அக்காலம் வேறு, கடும்போட்டி நிறைந்த இக்காலம் வேறு" என்று சிலர் கூறலாம். அவர்கள் நார்வே நாட்டை நோக்குவாராக. சிறுவர் விளையாட்டு உரிமைகளை அந்நாடு 1987 ஆம் ஆண்டிலேயே விதிகளாக வகுத்தது. பதினோராம் வயதிற்கு முன் சிறுவர்க்கு வெற்றி தோல்விப் பட்டியல் இல்லை; பதின்மூன்றாம் வயதிற்கு முன் நாட்டளவிலான வாகைப் போட்டி இல்லை. தோழமையும் மகிழ்ச்சியும் முதலில் வரவேண்டும் என்பது அவர்தம் கொள்கை. ஏறத்தாழ ஐம்பத்தைந்து இலட்சம் மக்களே வாழும் அந்நாடு, 2022 ஆம் ஆண்டுக் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 பொற்பதக்கங்களை வென்று முதலிடம் பெற்றது. சிறாரை விரைந்து பிழிந்தெடுத்தால்தான் வெற்றி கிட்டும் என்னும் எண்ணம் இதனால் பொய்யாகின்றது.

வெற்றி கிட்டிய பின்னரும் உள்ளத்திற்குத் துணை வேண்டும். நம் நாட்டு அபினவ் பிந்த்ரா 2008 ஆம் ஆண்டு பெய்ஜிங் நகரில் துப்பாக்கி சுடும் போட்டியில் பொற்பதக்கம் வென்றார். ஒலிம்பிக்கில் தனி ஒருவராக இந்தியர் பெற்ற முதல் பொற்பதக்கம் அது. அவ்வெற்றிக்குப்பின் தம் உள்ளத்தில் பெரும் வெறுமை சூழ்ந்ததாக அவரே வெளிப்படையாகக் கூறியுள்ளார். நெடுநாள் நாடிய ஒன்று கைகூடியபின், "இனி என்?" என்னும் வினா எழுவது இயல்பே. அதற்கு விடைகாணப் பழக்குவதும் பயிற்சியின் ஒரு பகுதியாதல் வேண்டும்.

ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு விளையாட்டே ஏணி. அவனுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்பாரும் உளர். அப்பிள்ளைக்கே படிப்பு மிகுதியும் வேண்டும். முழங்காலில் ஏற்படும் ஓர் ஊறு அவ்வேணியை ஒரே நாளில் முறித்துவிடக்கூடும். செல்வர்வீட்டுப் பிள்ளைக்கு வேறு வழி இருக்கும். இவனுக்கோ கல்வியன்றி வேறு துணை இல்லை.

ஆதலின், விளையாட்டு விடுதிகளில் பாட வகுப்பு தடைபடலாகாது. நோவையும் அச்சத்தையும் அஞ்சாமல் சொல்லிக்கொள்ள ஒரு பெரியவர் அங்கே இருத்தல் வேண்டும். வீரனைப் பற்றிய முடிவுகளில் அவன் சொல்லுக்கும் இடம் வேண்டும். தோற்று வந்தவனை வென்றவனைப் போலவே வரவேற்கும் பண்பு அங்கே நிலவுதல் வேண்டும்.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை பெருவீரர் ஆகலாம். முப்பத்தைந்து வயதிற்குள் பெரும்பாலோர்க்கு ஆட்டம் முடிந்துவிடும்; வாழ்வோ அதன்பின்னும் நெடிது. ஆதலால், மாலையில் களத்திற்குச் செல்லுங்கள். முழு ஊக்கத்தோடு ஆடுங்கள். இரவில் விளக்கை ஏற்றி நூலையும் கையில் எடுங்கள்.